மகளிருக்குத் தனி ஜிம் – தேவையா?

சித்தூரிலும் சரி, திருப்பதியிலும் சரி, இன்று எந்தப் பெரிய தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மாடியில் ஜிம் போர்டு தொங்குகிறது. புஜங்களைப் புடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வாலிபரின் படம், அதன் கீழே போன் நம்பர், அதற்கும் கீழே தெலுங்கில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஸ்த்ரீலகு ப்ரத்யேக சமயம்'. அதாவது, பெண்களுக்குத் தனி நேரம். சில இடங்களில் 'மகளிருக்கு மட்டும்' என்று தனி ஜிம்மே வந்துவிட்டது.

இந்தச் சின்ன எழுத்து வரி நம் வீடுகளில் பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறது. "பெண்களுக்குத் தனி இடம் வேண்டும், அப்போதுதான் நிம்மதியாகப் போய் வர முடியும்" என்பது ஒரு கட்சி. "பிரித்து வைப்பதே பிற்போக்கு, படிப்பும் வேலையும் பொதுவாக இருக்கும்போது உடற்பயிற்சிக்கு மட்டும் திரை எதற்கு?" என்பது மறு கட்சி. சங்கத்து நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். அக்கம்பக்கத்தில் அத்தையோ சித்தியோ துணைக்கு இல்லாத வீடுகள் பல. ஆகவே இந்தக் கேள்வி நம் வீட்டுப் பெண்களை மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே தொடுகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

உடம்பு என்னும் மூலதனம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்ற ஆய்வாளர்களுமாகச் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் அது 57 சதவீதம். அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கும் மேல்.

"என் வீட்டுக்காரி காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை உட்காருவதே இல்லையே, அவளுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாகச் செய்கிற வீட்டு வேலையும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் அதே நிறுவனம் இன்னொன்றையும் சொல்கிறது: வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். நம் தாய்மார்கள் கிணற்றில் இறைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், உரலில் இடித்தார்கள். அந்தப் பாரம் அவர்கள் தோளுக்கும் இடுப்புக்கும் கிடைத்தது. இன்று குழாய், கிரைண்டர், மிக்ஸி. வேலை குறையவில்லை. பாரம் மட்டும் குறைந்துவிட்டது. நிற்கிற நேரம் அதிகம், தசைக்குக் கிடைக்கும் பயிற்சி குறைவு.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் உறுதி வேகமாகக் குறைகிறது என்பதும் மருத்துவர்கள் சொல்லும் உண்மை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! எடை தூக்கும் பயிற்சி பயில்வான்களுக்கு மட்டும் உரியது என்ற காலம் போய்விட்டது. அது பாட்டிக்கும் வேண்டியதுதான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கோ கூறவே வேண்டாம்.

போர்டு இல்லாத தனி இடம்

ஆந்திர தேசத்துக்கு உடற்பயிற்சியில் பெரிய பாரம்பரியம் உண்டு. ஸ்ரீகாகுளம் பக்கம் வீரகட்டத்தில் 1882இல் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடுவின் பெயரைத் தெலுங்கு நண்பர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மார்பில் கட்டிய இரும்புச் சங்கிலியை மூச்சை இழுத்து அறுத்தவர், ஓடும் மோட்டார் காரைப் பிடித்து நிறுத்தியவர், 'கலியுக பீமன்' என்று பெயர் வாங்கியவர். சென்னையிலோ, ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் தாலிம்கானாவும் தேகப்பயிற்சிச் சாலையும் இருந்த காலம் அது. செம்மண் தரை, ஆஞ்சநேயர் படம், கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி.

அந்தத் தாலிம்கானாக்களில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று யாராவது போர்டு மாட்டினார்களா? இல்லை. மாட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. லங்கோட்டோடு பத்துப் பேர் மல்லுக்கு நிற்கும் இடத்துக்கு எந்தப் பெண் வருவாள்? ஆக, ஒரே பாலாருக்கான உடற்பயிற்சி இடம் என்பது இன்று முளைத்த புதுமை அல்ல. தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான். அது ஆண்களுடையதாக இருந்தவரை யாரும் விவாதிக்கவில்லை. பெண்களுக்கென்று ஒரு வரி எழுதியதும் விவாதம் தொடங்கிவிட்டது. இதை முதலில் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான பளு தூக்கும் போட்டி 1896இல் முதல் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். 104 ஆண்டு தாமதம். அந்த வாசல் திறந்த அதே முதல் தடவையில், ஆந்திராவின் ஆமதாலவலசையில் வளர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்தான். வாசல் மூடியிருந்த காரணத்தால் வெளியே தெரியாமல் போன மல்லேஸ்வரிகள் எத்தனை பேரோ!

ரயில்வேயில் பார்த்தது

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தனி இடம் என்ற விஷயத்தில் ரயில்வேயைவிட அனுபவம் உள்ள ஸ்தாபனம் நம் நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே, பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த வகுப்பில் ஒரு பெட்டியறையாவது பெண்களுக்கென ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் வண்டியானால் அப்படிப்பட்ட அறை ஒன்றில் கழிப்பிடமும் இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவும் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதைத் தொடர்ந்தது. 1992 மே 5ஆம் தேதி மும்பையில் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கு முழு வண்டியையே பெண்களுக்காக 'லேடீஸ் ஸ்பெஷல்' என்று ஓட்டினார்கள்.

இதனால் விளைந்த நன்மை என்ன? தனியாகப் பயணம் செய்யத் தயங்கிய லட்சோப லட்சம் பெண்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போனார்கள். நம் காட்பாடி – திருப்பதி பாசஞ்சரையே பாருங்கள். சித்தூரிலும் பாகாலாவிலும் காய்கறிக் கூடையோடு ஏறும் அம்மாவும், புத்தகப் பையோடு ஏறும் பெண்ணும் லேடீஸ் பெட்டியை ஒரு சலுகையாக நினைப்பதில்லை. அது அவர்களுக்குப் பழகிய இடம். ஜன்னலோரம் தலை சாய்த்து ஐந்து நிமிடம் தூங்கலாம். அந்த நிம்மதிக்கு விலை ஏது?

ஆனால் அதில் ஒரு கெடுதலும் வளர்ந்தது. அதையும் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பொதுப் பெட்டியில் ஒரு பெண் ஏறி, நெரிசலில் யாராவது இடித்துவிட்டதாகக் குறை சொன்னால், உடனே நாலு பேர் சேர்ந்து, "அதான் லேடீஸ் பெட்டி இருக்கே, இங்கே எதுக்கம்மா ஏறினீங்க?" என்பார்கள். இடித்தவனைக் கேட்பார் இல்லை. ஒரு பெட்டியைப் பெண்களுக்கு ஒதுக்கியதன் அர்த்தம், மீதிப் பெட்டிகளெல்லாம் ஆண்களுக்குச் சொந்தம் என்பதல்ல. பொதுப் பெட்டி பொதுப் பெட்டிதான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஜனங்களின் மனத்தில் அது மெல்ல மெல்ல மாறிவிடுகிறது.

ஜிம் விஷயத்திலும் நான் அஞ்சுவது இதைத்தான்.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

என் மனைவிக்கு முழங்கால் வலி. சர்க்கரையும் உண்டு. தொடைத் தசைக்கு வலு ஏற்றினால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும், நடையோடு நிறுத்தாமல் பயிற்சியும் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் சித்தூரில் இருந்த சமயம். பக்கத்தில் ஒரு ஜிம்முக்குப் போய் விசாரித்தோம்.

"அம்மா, லேடீஸ் டைம் பதினொண்ணுலேர்ந்து நாலு" என்றார் அங்கிருந்த பையன்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலே யாருப்பா வருவா? காலையிலே இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"காலையிலே ஜென்ட்ஸ் ரஷ் அம்மா. நீங்க வரலாம், ஆனா உங்களுக்கே இப்பிடி அப்பிடி இருக்கும்."

அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். அவன் மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்தப் 'பெண்கள் நேரம்' எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆண்கள் வராத நேரம் எதுவோ, அதுதான் பெண்கள் நேரம். மத்தியானம் பதினொன்று முதல் நான்கு வரை வேலைக்குப் போகும் பெண் வர முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வரும் நேரம் என்று வீட்டுப் பெண்ணும் மூன்று மணிக்கே ஓட வேண்டும். யாரும் வராத நேரத்தைக் கொடுத்துவிட்டு, "லேடீஸுக்கு டைம் கொடுத்தோம், அவங்கதான் வரலே" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அப்படியும் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவளைப் போல் ஐந்தாறு பேர் வந்தார்கள். முதல் வாரம் நடக்கும் மெஷினைத் தொடவே பயந்தவள், இரண்டாம் மாதம் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். "ஆம்பளைங்க இருந்தா நான் அந்தக் கட்டையைத் தொட்டே இருக்க மாட்டேன். தப்பாத் தூக்கினா சிரிப்பாங்களோன்னு இருக்கும். இங்கே நாங்க எல்லாருமே தப்பாத்தான் தூக்கினோம், எல்லாருமே சிரிச்சோம்" என்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ள வேண்டாம், பயிற்சியில் மட்டும் கவனம் வைக்கலாம் என்பது அவள் கட்சி.

என் மகள் திருப்பதியில் பாங்கில் வேலை பார்க்கிறாள். அவள் நேர் எதிர்க்கட்சி. விடியற்காலை ஆறு மணிக்குப் பொது நேரத்தில்தான் போவாள். ஒரு நாள் அங்கே வரும் ஒருவர், "மேடம், லேடீஸ் டைம் பத்து மணிக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார். "சார், பத்து மணிக்கு நான் கவுண்ட்டர்ல இருப்பேன். உங்க பாஸ்புக்கை அப்போ யார் பார்க்கிறது?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "அப்பா, அந்தத் தனி நேரம் இல்லைன்னா அவர் என்னை இப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஒரு மூலையை எங்களுக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு, மீதி வீடு முழுக்க அவங்க பேருக்குப் பட்டா போட்டுக்கிறாங்க."

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. அம்மாவுக்குத் தனி நேரம் இல்லாவிட்டால் உடற்பயிற்சியே இல்லை. மகளுக்கோ அந்தத் தனி நேரமே ஒரு தடைக்கல். இருவரில் ஒருவர் தோற்றால்தான் மற்றவர் ஜெயிக்க முடியும் என்று ஏன் இருக்க வேண்டும்?

பிற இடங்களில் நடந்தது

இந்தத் தகராறு நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெண்களுக்கு மட்டுமான ஒரு ஜிம்மில் தன்னைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து ஓர் ஆண் வழக்குத் தொடுத்தார். பொது இடங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். 1997இல் தீர்ப்பு அவர் பக்கம் போனது. அங்குள்ள பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1998இல் மாநிலச் சட்டசபை சட்டத்தையே திருத்தி, ஒரே பாலாருக்கான உடற்பயிற்சிக் கூடங்களுக்கு விலக்கு அளித்தது.

2008இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், முஸ்லிம் மாணவிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்குள்ள ஜிம்களில் ஒன்றை மட்டும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் பெண்களுக்கென ஒதுக்கினார்கள். அவ்வளவுதான். அதற்கே பத்திரிகைகளில் பெரிய விவாதம் எழுந்தது. படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தப் பாடு.

நம் நாட்டில் 2024இல் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையம் ஒரு யோசனையை முன்வைத்தது. ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப் பெண் பயிற்சியாளர்களே இருக்க வேண்டும், தையற்கடையில் பெண்களுக்கு அளவெடுப்பதும் பெண்களாகவே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பெண்களின் பாதுகாப்புக்கு நல்லதுதானே என்றார்கள் சிலர். யாரிடம் பயிற்சி பெறுவது, யாரிடம் தைக்கக் கொடுப்பது என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும், அரசாங்கம் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள் வேறு சிலர்.

என் பார்வையில் இங்கேதான் கோடு இருக்கிறது. தனி இடம் 'இருக்கிறது' என்பது வேறு, தனி இடத்துக்குத்தான் 'போக வேண்டும்' என்பது வேறு. முன்னது வசதி. பின்னது வேலி. நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஆண், பெண் என்று அரசு பேதம் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதன் மூன்றாவது உட்பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விசேஷ ஏற்பாடு செய்யத் தடையில்லை என்றும் சொல்கிறது. வசதி செய்து கொடு, வேலி போடாதே என்பதுதான் இதன் சாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பதி காட்டும் வழி

இரண்டு கட்சிக்காரர்களுக்கும் திருப்பதியிலேயே உதாரணம் இருக்கிறது.

தனி இடம் வேண்டும் என்பவர்களுக்கு: தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி மகளிர் கல்லூரி 1952இல் தொடங்கியது. 1983இல் என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. "மகளிர் கல்லூரி என்றால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் படித்தது போதும்" என்று சொன்ன தகப்பனார்கள் நம்மவர்களிலும் உண்டு. அந்தத் தகப்பனாரைத் திருத்தும் வரை காத்திருந்தால் பெண்ணுக்கு வயதாகிவிடும். மகளிர் கல்லூரி அவள் கையில் ஒரு பட்டத்தைக் கொடுத்து அனுப்பியது. அதே ஊரில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடம். ஒன்று இருப்பதால் மற்றொன்று மூடப்படவில்லை. மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும்போது நீ ஏன் இங்கே வந்தாய் என்று அங்கே எந்தப் பெண்ணையும் யாரும் கேட்பதும் இல்லை.

பொது இடமே போதும் என்பவர்களுக்கு: அலிபிரிப் பாதையைப் பாருங்கள். 3,550 படிகள். இந்தப் பக்கத்திலேயே பெரிய உடற்பயிற்சிக் கூடம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஜிம் வாசலை மிதிக்கக் கூச்சப்படும் அறுபது வயது அம்மாள், ஆயிரக்கணக்கான ஆண்களோடு சேர்ந்து, வியர்க்க விறுவிறுக்க, மஞ்சள் குங்குமத்தைப் படிக்குப் படி இட்டுக்கொண்டே ஏறுகிறாள். அங்கே அவளுக்கு ஏன் கூச்சமில்லை? எல்லோரும் ஒரே காரியத்துக்காக வந்தவர்கள். யாரும் யாரையும் அளந்து பார்ப்பதில்லை. வழியெங்கும் விளக்கு, வழியெங்கும் ஆள் நடமாட்டம். தவறாக ஒருவன் நடந்துகொண்டால் சுற்றியிருப்பவர்கள் அவனைத்தான் பிடிப்பார்கள், அவளைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே கலந்திருப்பதே பிரச்சினை என்பது சரியல்ல. அங்குள்ள ஒழுங்குதான் விஷயம்.

2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரம் நம் எல்லோரையும் உலுக்கியது. அதற்குப் பிறகு தேவஸ்தானத்தார் குழந்தைகளோடு ஏறுவதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள், கூட்டமாகச் செல்லச் சொன்னார்கள், கையில் கம்பு கொடுத்தார்கள். வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். ஆனால் படி ஏறுவதே வேண்டாம் என்று பாதையை அடியோடு மூடிவிடவில்லை. ஆபத்து இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியது இதுதான்: கொஞ்ச காலத்துக்குத் தற்காப்பு, கூடவே ஆபத்தை அகற்றும் வேலை. ஜிம்மில் தனி நேரம் என்பதும் கையில் கொடுத்த கம்பு மாதிரிதான். கம்பு வேண்டும். ஆனால் கம்பைக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

பொறியாளன் புத்தி, கடைசியில் வேலைக்கு உதவும் ஒரு வரைபடத்தில்தான் வந்து நிற்கும். நான் நினைப்பது இது.

முதலாவது, நேரம். பெண்கள் நேரம் என்றால் பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். விடியற்காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். "நாங்களும்தான் பணம் கட்டுகிறோம், எங்கள் நேரம் குறைகிறதே" என்று ஆண்கள் கேட்பது நியாயமே. அதற்கு ஏற்பக் கட்டணத்தைச் சரி செய்யலாம். ஒரு நாளில் ஒரு மணி நேரம் விட்டுக் கொடுப்பதால் யாருடைய புஜமும் வாடிவிடாது.

இரண்டாவது, கருவி. சில ஜிம்களில் நல்ல மெஷின்களை எல்லாம் கீழே வைத்துக்கொண்டு, பழசான இரண்டு சைக்கிளை மாடியில் போட்டு 'லேடீஸ் செக்ஷன்' என்கிறார்கள். சிறிய ஊரில் பெண்களுக்கென்று முழு ஜிம் வைத்தால் முதல் திரும்பி வருவது கடினம்தான். மெஷின்கள் லட்சக்கணக்கில் விலை. அதனால்தான் தனிக் கட்டடத்தைவிட, ஒரே கூடத்தில் நேரத்தைப் பிரித்துக்கொள்வது நமக்கு ஏற்றது என்கிறேன். அதே மெஷின், அதே எடைக் கட்டைகள், அதே மின்விசிறி.

மூன்றாவது, பயிற்சியாளர். முதுகு வளையாமல் எடை தூக்கக் கற்றுக் கொடுக்க வேண்டுமானால் தோளைத் தொட்டு, இடுப்பைத் திருத்தித்தான் காட்ட வேண்டியிருக்கும். அதைப் பெண் ஒருத்தி செய்தால் பல பெண்களுக்குச் சங்கடம் இல்லை. ஆனால் பெண்கள் வருவதில்லை, அதனால் பெண் பயிற்சியாளரை வைக்கவில்லை என்கிறார்கள் ஜிம்காரர்கள். பெண் பயிற்சியாளர் இல்லை, அதனால் வருவதில்லை என்கிறார்கள் பெண்கள். இரண்டு ஸ்டேஷனும் ஒன்றுக்கொன்று லைன் கிளியருக்குக் காத்திருந்தால் வண்டி எப்போது புறப்படும்? யாராவது ஒருவர் முதலில் கொடுத்தாக வேண்டும். உடற்கல்வி படித்துவிட்டு வேலை தேடும் பெண் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

நான்காவது, இதுதான் மிக முக்கியம்: பொது நேரத்தின் ஒழுங்கு. என் மகளைப் போன்றவர்கள் பொது நேரத்தில்தான் வருவார்கள், வரவும் வேண்டும். அங்கே யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பு வேண்டும். பயிற்சியாளர் யார், எவர் என்று விசாரித்து வைத்திருக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் வைத்திருப்பதுபோல் ஒரு புகார்ப் புத்தகம் இருந்தால், பாதித் தொல்லை அதைப் பார்த்தே ஓடிவிடும். புகார் வந்தால் கேட்க வேண்டியது தொல்லை கொடுத்தவரை. "நீங்கள் லேடீஸ் டைமில் வந்திருக்கலாமே" என்ற பதில் மட்டும் வரக் கூடாது.

பெண்களுக்கு மட்டும்தானா கூச்சம்? இல்லை. தொப்பையோடும் நரையோடும் ஜிம்முக்குள் நுழைந்து, இருபது வயதுப் பையன்கள் நடுவே இரண்டு கிலோக் கட்டையைத் தூக்கத் தயங்கும் ஆண்களும் உண்டு. மூத்தவர்களுக்கென்று ஒரு நேரம் வைத்தால் நம்மில் பல பேர் போவோம். அது கேவலம் இல்லை என்றால், பெண்கள் கேட்பதும் கேவலம் இல்லை.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஜிம்காரர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டால் "யோசிக்கிறோம்" என்பார்கள். முப்பது குடும்பம் சேர்ந்து, "எங்கள் வீட்டுப் பெண்கள் இத்தனை பேர் காலை ஆறு மணிக்கு வரத் தயார், பெண் பயிற்சியாளர் வையுங்கள், ஆறு மாதக் கட்டணம் முன்பணமாகத் தருகிறோம்" என்று கேட்டால் பேச்சே வேறாகிவிடும். அடுத்த மாதக் கூட்டத்தில் மகளிர் அணியினர் ஒரு சீட்டு கொடுத்து எழுதி வாங்கலாம். தனி நேரம் வேண்டுமா, பொது நேரமா, எத்தனை மணிக்கு என்று. ஒரு வேண்டுகோள்: அந்தச் சீட்டை வீட்டு ஆண்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டாம். பெண்களே எழுதட்டும்.